ஒப்புரவு ஞாயிறுக்கு ஆள் தேவை

அந்த வருஷம் எங்கள் சபையில் யாருக்கும் யார்மீதும் கோபம் இல்லாமல் போய்விட்டதால் மன்னிப்புக் குழு அவசரமாகக் கூடியது.

வெளியாட்களுக்கு இதன் கனம் புரியாது. எங்கள் சபைக்குத் திருமண்டலத்திலேயே 'அன்பின் சபை' என்று பெயர். அது சும்மா வந்த பெயர் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒப்புரவு ஞாயிறு என்று ஒன்று வைத்திருக்கிறோம். அன்றைக்குப் பகையாளிகள் இருவர் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். தப்பு செய்தவர் தன் தப்பை மைக்கில் சொல்வார். பாதிக்கப்பட்டவர் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் அவர் கைகளைக் கழுவி, வெள்ளைத் துண்டால் துடைத்து, "மன்னித்தேன்" என்பார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பேராயர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். திருமண்டலம் தருகிற அந்த வருஷத்து அன்பின் கேடயம் எங்களுக்கு வந்துவிடும். நான் பாடகர் குழுவில் தாழ்குரல். எந்த நொடியில் கட்டிப்பிடிக்கிறார்களோ அந்த நொடியில் குரலை உயர்த்தவேண்டும் என்று எங்களுக்குக் கட்டளை. இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூடப் பிந்தியதில்லை.

அந்த வருஷத்துக்கென்று குழு ஒரு நல்ல சண்டையைப் பத்திரப்படுத்தித்தான் வைத்திருந்தது. சபை வாசலில் வண்டி நிறுத்தும் இடத்துக்காகத் தையல்காரரும் பல் டாக்டரும் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் குழு நிம்மதியாக இருந்தது. கடைசி நேரத்தில் தையல்காரருக்குக் கடைவாய்ப் பல் வலி கண்டுவிட்டது. வேறு வழியில்லாமல் போனார். டாக்டர் பல்லைப் பிடுங்கினார். வாயில் பஞ்சோடு தையல்காரர் டாக்டரின் கோட்டில் தொங்கிய பொத்தானைப் பார்த்துவிட்டு, கழற்றித் தரச் சொல்லித் தைத்துக் கொடுத்தார். அதோடு சண்டை முடிந்தது.

மன்னிப்புக் குழுவின் செயலாளர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடம் பேசினாலும் சுண்ணாம்புக்கட்டி பிடித்த மாதிரியே இரண்டு விரலை வைத்துக்கொள்வார்.

"குழுவைக் கேக்காம நீங்களா எப்படி சமாதானம் ஆவீங்க?"

"பல் வலிங்க ஐயா," என்றார் தையல்காரர்.

"ரெண்டு வாரம் பொறுக்க முடியாத வலியா? சபையைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தீங்களா?"

இருவரும் வெட்கப்பட்டுப்போய், சபையின் பெயருக்காக மறுபடி சண்டை போட்டுக்கொள்ளத் தயார் என்றார்கள். செயலாளர் உறுதியாக மறுத்துவிட்டார். எங்கள் சபையில் நடிப்புக்கு இடம் கிடையாது.

இப்படித்தான் குழுவின் கண் சாவிக்காரர்மேல் விழுந்தது.

கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால் உட்கார்ந்தே வாழ்க்கையை ஓட்டியவர். சபையில் இருக்கிற பூட்டு அத்தனையும் அவர் போட்டுக் கொடுத்ததுதான். போன வருஷம் மனைவியைப் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது ஒரு மகளும், சாயங்காலத்தில் வருகிற ஒரு சிநேகிதனும்.

சிநேகிதன் என்பவர், பிள்ளைகளை ஏற்றிவரும் எங்கள் சபை வேனின் டிரைவர். இருவரும் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே கூட்டு. வேனை ஷெட்டில் விட்டதும் பிளாஸ்க்கில் தேநீரோடு வந்து கடை முன்னால் இருக்கும் முக்காலியில் உட்காருவார். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது; பெரும்பாலும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். ஆராதனையில் இருவருக்கும் சேர்த்து ஒரு மூக்குக்கண்ணாடிதான். டிரைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியெடுத்துக் கொடுப்பார், சாவிக்காரர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுவார். சாவிக்காரரின் காலஞ்சென்ற மனைவியை டிரைவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த வகையில் மகளுக்கு அவர் மாமா. இந்த மகளும் எங்கள் பாடகர் குழுவில் இருக்கிறாள். அவள் சொல்லித்தான் இதில் பாதி எனக்குத் தெரியும்.

ஒருநாள் செயலாளர் கடைக்கு வந்து, டிரைவருடைய முக்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க மனசுல யார் மேலயாவது கசப்பு இருக்கா?"

"இல்லீங்க ஐயா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சாவிக்காரர் யோசித்தார். "மாடிவீட்டுக்காரர் மேலேருந்து தண்ணி ஊத்தறப்போ கொஞ்சம் வரும்."

"அவர் நம்ம சபையா?"

"இல்லீங்க."

"அப்போ அது சேராது." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டம்மா தவறின அன்னிக்கு டிரைவர் போனை எடுக்கலைன்னு சொல்லிக்கிட்டாங்களே?"

சாவிக்காரர் சாவி வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார். மனைவி தவறிய அன்று சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்பதைப் பார்த்தார். வேனும் டிரைவரும் இரண்டு தெரு தள்ளி. எனவே வேறு யாரையும் நினைக்காமல் டிரைவருக்கே போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. எடுத்துவிடுவான், எடுத்துவிடுவான் என்றே நேரம் போய்விட்டது. பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வந்து சேர்ந்தபோது அந்த அம்மாளுக்கு எந்த வண்டியும் தேவைப்படவில்லை.

"அன்னிக்கு அவன் கையில போன் இல்லீங்க ஐயா. வந்து அப்படி அழுதான். நான் அதுக்கு மேல கேக்கல."

"கேக்கலை. அதுதான் கசப்பு."

"கேட்டா அவன் தாங்கமாட்டாங்க. அதனால கேக்கல."

"அவரை மன்னிச்சிட்டீங்களா?"

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"பாத்தீங்களா, இன்னும் மன்னிக்கல!" செயலாளருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்து சாவிக்காரரின் தோளைத் தட்டினார். "கோபத்தை மட்டும் கொண்டு வாங்க. மீதியைக் குழு பாத்துக்கும்."

ஞாயிறு பள்ளி அறையில் பயிற்சி தொடங்கியது. அங்கே இருப்பவை குழந்தைகளுக்கான நாற்காலிகள். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் முழங்கால் முகவாயில் இடிக்க எதிரெதிராக உட்கார்ந்தார்கள். சுவரில், பெருவெள்ளத்துக்குத் தப்பப் பேழைக்குள் ஏறும் மிருகங்களின் படம் இருந்தது.

"இவரைப் பாத்துக் கோபப்படுங்க," என்றார் செயலாளர்.

சாவிக்காரர் புருவத்தை நெரித்துப் பார்த்தார்.

"இது கண்ணு கூசுற மாதிரி இருக்கு. பேராயர் முன்வரிசையில உட்காருவார், தெரியுமா?"

"டேய், எதையாவது சொல்லித் திட்டுடா," என்றார் டிரைவர். "ஐயா வீட்டுக்குப் போகணும்."

"என்னத்தடா திட்டறது? போன வாரம் தேத்தண்ணியில சக்கரை போடாம கொண்டாந்தியே, அதைச் சொல்லவா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. சிரிப்புதான் ஒப்புரவுக்கு முதல் எதிரி என்று கண்டுபிடித்து, அன்றே குழுவைக் கூட்டி ஒரு முடிவெடுத்தார். ஒப்புரவு ஞாயிறு வரை இருவரும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது, சேர்ந்து உட்காரக் கூடாது. "அப்பதான் கட்டிப்பிடிக்கும்போது ஒரு ஏக்கம் தெரியும்," என்றார். அதோடு சாவிக்காரருக்கு வீட்டுப்பாடமும் கொடுத்தார். தினமும் சாயங்காலம், அதாவது டிரைவர் தேநீரோடு வருகிற நேரத்தில், மனைவியின் கடைசிப் பொழுதை முதலிலிருந்து நினைத்துப் பார்க்கவேண்டும்.

அடுத்த ஞாயிறு டிரைவர் இடது பக்கக் கடைசி பெஞ்சில், சாவிக்காரர் வலது பக்க முதல் பெஞ்சில். கண்ணாடி அவரிடமும் புத்தகம் இவரிடமும் இருந்ததால் இருவரும் பாடவில்லை.

வீட்டுப்பாடம் மட்டும் நன்றாக நடந்தது. சாவிக்காரர் சொன்னதைச் செய்கிற ஆள். முக்காலி காலியாக இருந்தது. பேசிச் சிரிக்க ஆள் இல்லை. நினைத்துப் பார்க்க உட்கார்ந்தார். முதல் நாள் கண்ணீர் வந்தது. அடுத்த நாள், மனைவி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. 'அண்ணன் வந்துடுவார்' என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. வருஷம் முழுக்க அவர் தொடாமல் வைத்திருந்த இடம் அது. அங்கே தினமும் போய் நிற்கச் சொன்னது மன்னிப்புக் குழு.

"அவன் ஏன் எடுக்கலை?" என்றார் ஒருநாள் சாப்பாட்டின்போது.

மகள் பயந்துபோனாள். "இப்ப ஏன்ப்பா அது? வேணும்னா மாமாகிட்டயே கேளுங்க."

"பேசக் கூடாதுன்னு குழு சொல்லியிருக்கு."

"குழு கிடக்கட்டும். போய்க் கேட்டுட்டு வாங்க."

போனார். சபைக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் டிரைவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நண்பனைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். சாவிக்காரர் வேனைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்று கேட்டார்.

"அன்னிக்கு உன் போன் எங்கடா இருந்துச்சு?"

டிரைவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். பிழிய அதில் ஒன்றும் இல்லை.

"ஊழியர்களுக்குத் தியானம் வச்சாங்கல்ல. போனையெல்லாம் காணிக்கைப் பையில வாங்கி உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

"எங்க?"

"போதகர் அங்கி மாத்துற ரூம்ல. நீ பூட்டு போட்டியே, அந்த அலமாரியில."

சாவிக்காரருக்கு அந்தப் பூட்டு தெரியும். மாட்டிய அன்றைக்கு நான்கு பேரை விட்டு இழுக்கச் சொல்லி, அசையவில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறார்.

"அப்போ நான் கூப்பிட்டது உனக்குத் தெரியாது."

இந்த இடத்தில் டிரைவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவருக்குப் பொய் வராது, அதிலும் இவரிடம் வராது.

"தெரியும்டா. உனக்குன்னு தனியா மணி வச்சிருக்கேன்ல, அது அலமாரிக்குள்ள அடிச்சுச்சு. நின்னு நின்னு அடிச்சுச்சு. நான் எந்திரிச்சேன். 'ஐயா, என் சிநேகிதன், சும்மா கூப்பிடமாட்டான், சாவியைக் கொடுங்க'ன்னு கேட்டேன். செயலாளர், 'உலகம் ஒரு மணி நேரம் காத்திருக்கும், உட்காருங்க'ன்னார்."

"நீ?"

"உட்கார்ந்துட்டேன்."

வேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாவிக்காரர் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய், நின்று, "தலைப்பு என்னடா?" என்றார்.

"என்ன?"

"தியானத்துக்குத் தலைப்பு."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "அயலானின் குரலைக் கேட்போம்."

குழு கேட்டபடியே சாவிக்காரருக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. ஆனால் குழு கேட்ட அளவைவிட அதிகமாக வந்துவிட்டது. நேரே போதகரிடம் போனார். போதகர் நல்லவர். யாரையும் நோகடிக்காமல் பேசிப் பேசி, தனக்கென்று ஒரு கருத்து இல்லாத நிலையை அடைந்தவர். செயலாளரும் அங்கேதான் வரப்போகும் கேடயத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காரர் நடந்ததைச் சொன்னார்.

"ஓ, அந்தத் தியானமா!" என்றார் செயலாளர். "அருமையான தியானம். ஒருத்தர்கூட அசையல."

"ஐயா, டிரைவரோட நீங்களும் முன்னால வந்து நிக்கணும். நான் ரெண்டு பேரையும் மன்னிக்கிறேன்."

செயலாளர் கோபப்படவில்லை. வகுப்பில் தப்பு விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தம்பி, நான் குழு. குழு மன்னிக்க வைக்கிற இடம், மன்னிப்பு வாங்கிக்கிற இடம் இல்ல. நாங்களே வாங்கிக்க ஆரம்பிச்சா மத்தவங்களுக்குக் கொடுக்க ஏது?"

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"என்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லக் கூடாது. என் பொறுப்புல இருந்துச்சு. பொறுப்பு சபை கொடுத்தது. சபைமேல குத்தம் சொல்றீங்களா?"

சாவிக்காரர் போதகரைப் பார்த்தார். போதகர் வேதனையோடு புன்னகைத்தார்.

"எனக்கு உங்க வலி புரியுது. ஆனா மன்னிப்புல பேராசை கூடாது. ஒரு வருஷத்துக்கு ஒருத்தர் போதும். டிரைவரை மன்னிங்க. அதுலயே நிறைவு காணுங்க."

ஒத்திகை சனிக்கிழமை நடந்தது. டிரைவர் சொல்லவேண்டிய வாக்கியத்தைச் செயலாளரே அமைத்துக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். அதில் அலமாரி இல்லை, தியானம் இல்லை, சாவி இல்லை. டிரைவர் ஒருதரம் மறந்து, "ஐயா உட்காரச் சொன்னதால..." என்று ஆரம்பித்துவிட்டார். "பழியை அடுத்தவன்மேல போடறது மனந்திரும்புதல் இல்லை," என்றார் செயலாளர். "வேன் ஓட்டறவருக்கு ஞாபகசக்தி முக்கியம், பாத்துக்குங்க," என்றும் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு டிரைவர் மறக்கவில்லை.

ஞாயிறு வந்தது. கோயில் நிரம்பி வழிந்தது. பேராயர் முன்வரிசையில். செயலாளர் மைக்கைப் பிடித்து, "மற்ற சபைகளில் மன்னிப்பு தற்செயலாக நடக்கிறது, இங்கே அதை நாம் நடத்துகிறோம்," என்று தொடங்கினார். பேராயர் தலையசைத்தார்.

சாவிக்காரர் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார் என்று மகள் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தாள். மைக் கைக்கு வந்ததும் அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுவார். அவள் என் பக்கத்தில் பாட்டுத்தாளைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

டிரைவர் மைக் முன்னால் வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. மூக்குக்கண்ணாடியை எதற்கோ போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னுடைய அலட்சியத்தால், கூப்பிட்ட குரலுக்கு நான் செவிகொடுக்கவில்லை. அதனால் என் நண்பனின் மனைவி இறந்துபோனார்."

கோயில் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாவிக்காரர் கிண்ணத்துத் தண்ணீரில் அவர் கையைக் கழுவினார். வேன் கழுவிக் கழுவித் தோல் வெடித்த கை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடிக்குள்ளிருந்து, சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். வேலை போய்விடும், வேன் போய்விடும், இந்த வயதில் நான் எங்கேடா போவேன் என்று கேட்டது அந்த முகம். நாற்பது வருஷப் பழக்கத்தில் இதைப் படிக்கச் சாவிக்காரருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அவர் மைக்கில், "மன்னித்தேன்," என்று மட்டும் சொன்னார்.

கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் குரலை உயர்த்தினோம். மகள் மட்டும் பாடவில்லை. பேராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேடயம் எங்களுக்கே. இப்போது அது அந்த அலமாரிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது.

அடுத்த வாரமே தாய்மார்கள் சிலர் குழுவிடம் வந்தார்கள். ஓர் உயிர் போகும்போது போனை எடுக்காத மனிதரை நம்பிப் பிள்ளைகளை எப்படி வேனில் அனுப்புவது? அவரே மைக்கில் சொன்னாரே. இது நியாயமான கேள்வி என்று குழு கண்டது. டிரைவரைக் கூப்பிட்டு வேன் சாவியை வாங்கிக்கொண்டது.

"எல்லார் முன்னாலயும் மன்னிச்சாச்சே ஐயா," என்றார் டிரைவர்.

"மன்னிப்பு வேற, வேன் வேற," என்றார் செயலாளர்.

டிரைவரிடம் மாற்றுச் சாவி இருக்குமோ என்ற சந்தேகத்தில் வேனின் பூட்டை மாற்றச் சாவிக்காரரையே கூப்பிட்டனுப்பினார்கள். அவர் போகவில்லை. வேறு ஆளை வைத்து மாற்றிக்கொண்டார்கள்.

டிரைவர் கடைப்பக்கம் வரவில்லை. தெருவில் போனால் பிள்ளைகள்கூட அவரைக் காட்டி, 'அவர்தான் மன்னிக்கப்பட்டவர்' என்றார்கள். சாவிக்காரர் அவர் வீட்டுக்கே போனார். டிரைவர் வெளியூர் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னாள். செருப்பு வாசலில் கிடந்தது. மகள் போய்க் கூப்பிட்டதற்கு, "உங்க அம்மா போட்டோ இருக்கிற வீட்டுக்கு எப்படிம்மா வருவேன்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாராம்.

மாதங்கள் போய், செயலாளர் மறுபடி கடைக்கு வந்தார். முக்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அதில் இப்போது தூசி நிறைய இருந்தது.

"உங்களுக்கும் டிரைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாமே?"

"இல்லீங்க."

"முகம்கூடப் பாக்கிறது இல்லைன்னாங்க."

"அவன் வர்றதில்லீங்க."

செயலாளர் திருப்தியோடு தலையசைத்தார். "போன வருஷம் நாங்க ரொம்பச் சிரமப்பட வேண்டியிருந்துச்சு. இந்த வருஷம் நிஜமாவே இருக்கு. ஒரே ஒரு வேண்டுகோள். அதுவரைக்கும் நீங்களா எதுவும் சமாதானம் ஆயிடாதீங்க."

அவர் போனதும் சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். போனை எடுத்து டிரைவருக்குப் போட்டார்.

மணி அடித்தது. தனக்கென்று வைத்த அந்தத் தனி மணி இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் அடிப்பது அவருக்குத் தெரியும். அங்கே அலமாரி இல்லை. பூட்டு இல்லை. உட்காரச் சொல்ல யாரும் இல்லை. போன் அந்த மனிதனின் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அடித்து ஓய்ந்தது. சாவிக்காரர் மறுபடி போட்டார்.